நம் பிள்ளைகளின் காவலும் நம் சங்கங்களின் கடமையும்

கூட்டுறவு இயக்கம் நம் நாட்டில் எதற்காகத் தோன்றியது என்று எந்த அங்கத்தினரைக் கேட்டாலும் தயக்கமின்றி விடை கூறுவார். கடன் கொடுத்தவனின் வாசலில் குடியானவனும் நெசவாளியும் கைகட்டி நின்ற நிலையை மாற்றுவதற்காக என்பதே அவ்விடை. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் ஒரு கடன் சங்கம் தொடங்கப்பெற்றது. அன்று முதல் நூற்றிருபது ஆண்டுகளாக வட்டி, அசல், தவணை, நிலுவை என்னும் சொற்களை நாம் பேசி வருகிறோம். அவை பேச வேண்டிய சொற்களே. ஆயினும், கடன்பட்ட வீட்டிலிருந்து கடனுக்கு ஈடாக எது வெளியே போகிறது என்பதை நாம் போதிய அளவு கவனித்தோமா? முன்னாளில் நிலம் போயிற்று, தறி போயிற்று, மனைவியின் கழுத்திலிருந்த பொன் போயிற்று. இந்நாளில் சில வீடுகளிலிருந்து பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை போகிறது.

அப்படிப் போன பிள்ளைகளுள் சிலருக்கு நேரும் பெருந்தீங்கைப் பற்றியே இக்கட்டுரை. வளரிளம் பருவத்துப் பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கும் சுரண்டலுக்கும் ஆளாவதைத்தான் சொல்லுகிறோம். நூல் விலையும் துணி விற்பனையும் பயிர்க் கடனும் பேசும் இவ்விதழில் இதற்கு இடமுண்டா என்று சில அன்பர்கள் கருதக்கூடும். இடமுண்டு என்பதே நம் அபிப்பிராயம். அந்த முடிவுக்கு நாம் வந்தது நூல்களைப் படித்ததனால் அன்று; நம் கையெழுத்தை நாமே ஒரு நாள் திரும்பப் படித்ததனால்.

நடந்ததைச் சொல்லுகிறோம். பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளம் வெளிப்படுவதைச் சட்டம் தடுக்கிறது; நம் மனச்சான்றும் தடுக்கிறது. ஆதலால் ஊரையும் பேரையும் அடையாளம் காட்டக்கூடிய பிறவற்றையும் அறவே விலக்கியிருக்கிறோம். நாம் ஆய்வு செய்துவந்த கடன் சங்கங்களுள் ஒன்றில் அங்கத்தினருள் பாதிப்பேர் நெசவாளர். மீதிப்பேர் மானாவாரிப் பயிர் செய்வோர். அங்கே நெசவாளர் ஒருவர், நெடுங்கால அங்கத்தினர், அதுவரை ஒரு தவணையும் தவறாதவர். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் ஊர் அடங்கித் தறிகள் நின்றபோது அவருடைய கூலியும் நின்றது. வீட்டுச் செலவுக்காக வாரக் கடன் கொடுப்பவரிடம் கை நீட்டினார். பின்பு அந்தக் கடனை அடைப்பதற்காகச் சங்கத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாய் கேட்டு மனுச் செய்தார். ஏற்கெனவே இரண்டு தவணை நிலுவையில் நின்றன. “தவணை தவறியவர், தகுதி இல்லை” என்று காரியதரிசி எழுதினார். அதன்கீழ் “சரி” என்று எழுதிக் கையொப்பமிட்டவர் நாம். விதிப்படி அது சரியான குறிப்புத்தான்.

அடுத்த மாதமே நூற்பாலைக்கு ஆள் சேர்க்கும் தரகர் ஒருவர் அவ்வீட்டுக்கு வந்தார். விடுதி உண்டு, சாப்பாடு உண்டு, மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை உண்டு என்றார். முன்பணமும் கொடுத்தார். வாரக் கடன் தீர்ந்தது. பத்தாம் வகுப்பு முடித்திருந்த மகள் வேலைக்குப் போனாள். பத்து மாதம் கழித்துப் பொங்கலுக்கு வந்தவள் திரும்பிப் போக மறுத்தாள். காரணம் சொல்லவில்லை. இரவில் விளக்கை அணைக்க விடவில்லை. தாய் அடித்துக் கேட்கவில்லை. அது அந்தத் தாயின் நற்குணம். முன்பு பாடம் சொன்ன ஆசிரியையிடம் அழைத்துச் சென்றார். இரண்டு நாள் கழித்து ஆசிரியையிடம் பிள்ளை வாய் திறந்தாள். இரவு முறையில் மேற்பார்வை பார்த்தவன் செய்த கொடுமை அப்போதுதான் வெளிவந்தது. ஆசிரியை 1098 என்னும் எண்ணுக்குத் தகவல் தந்தார்; வழக்குப் பதிவாயிற்று.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியவந்தது? அடுத்த ஆய்வின்போது அந்த நெசவாளர் சங்கத்துக்கு வந்தார். “ஐயா, கோர்ட்டுக்கு அலைவதால் தறியில் உட்கார முடியவில்லை. தவணைக்கு இன்னும் இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்” என்றார். எந்தக் கோர்ட்டு என்று கேட்டோம். காரியதரிசியை வெளியே போகச் சொல்லிவிட்டு மெதுவாகச் சொன்னார். நம்மைக் குறை கூறவில்லை. அவர் சென்றபின் பழைய கோப்பை எடுத்தோம். “சரி” என்ற நம் எழுத்து மை மங்காமல் இருந்தது.

அந்தக் கடனைக் கொடுத்திருந்தால் இத்தீங்கு வந்திராது என்று அறுதியிட்டுச் சொல்ல நம்மால் முடியாது. குற்றம் செய்தவன் வேறு. குற்றத்துக்குப் பொறுப்பும் அவனே. ஆயினும் அக்குற்றவாளியின் கைக்கு எட்டும் இடத்தில் அப்பிள்ளையைக் கொண்டு நிறுத்திய படிகள் பல. அவற்றுள் ஒரு படி நம் சங்கத்து மேசையில் இருந்தது.

இங்கே அங்கத்தினர்கள் ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். இத்தகைய கொடுமை எல்லா வீடுகளிலும் நேரக்கூடும். செல்வர் வீட்டிலும் நேருகிறது. கற்றோர் வீட்டிலும் நேருகிறது. மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007-ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களுள் 53.22 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். அப்படிக் கூறியவர்களுள் பாதிக்குமேல் ஆண்பிள்ளைகள் என்பதைப் பலரும் அறியார். கொடுமை செய்தவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பிள்ளைக்குத் தெரிந்தவரோ பிள்ளை நம்பிய பொறுப்பிலிருந்தவரோ ஆவர். பெரும்பாலான பிள்ளைகள் எவரிடமும் சொல்லவில்லை. ஆகவே, “எங்கள் ஊரில் இப்படி ஒன்றும் கிடையாது” என்று ஒருவர் சொன்னால், அவ்வூரில் பிள்ளைகள் வாய் திறக்கவில்லை என்றுதான் பல சமயங்களில் பொருள்.

எவருக்கும் நேரக்கூடியது என்றாலும் எல்லாருக்கும் ஒரே அளவில் நேருவதில்லை. வேலி உள்ள வயலிலும் ஆடு புகுவதுண்டு. வேலி சாய்ந்த வயலில் அது எளிதாகப் புகுகிறது. நம் அங்கத்தினர் குடும்பங்களில் வேலி சாயும் இடங்கள் எவை என்று பார்ப்போம்.

முதலாவது, கடன். மேலே சொன்னது போதும். முன்பணம் வாங்கிய வீட்டுப் பிள்ளையால் வேலையை விட்டு எழுந்து வர முடிவதில்லை. மேற்பார்வையாளன் தகாத சொல் சொன்னாலும், “நான் போய்விட்டால் அப்பா பணத்தைத் திருப்பித் தர வேண்டுமே” என்று பல்லைக் கடித்துக்கொள்கிறது. முன்பணத்துக்கு உழைப்பை ஈடாகக் கட்டுவதை 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் ஒழித்துவிட்டது. ஆனால் சட்டம் ஒழித்ததை வறுமை வேறு பெயரில் திரும்ப அழைத்து வருகிறது.

அப்படி வந்த பெயர்களுள் ஒன்று சுமங்கலித் திட்டம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகள் பலவற்றில் இது வழங்கியது. மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் முப்பதாயிரம் முதல் அறுபதாயிரம் ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும் என்பது வாக்கு. மூன்றாண்டுக்கு ஒரு நாள் முன்னதாக நின்றாலும் தொகை கைக்கு வராதோ என்ற அச்சம், வாய்க்குப் போட்ட பூட்டாயிற்று. வரதட்சணையை 1961-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்க, அந்த வரதட்சணைக்காகவே ஒரு வேலைத் திட்டமும் அதற்கு மங்கலமான ஒரு பெயரும் உண்டாயின. எல்லா ஆலைகளும் இப்படி நடந்தன என்று நாம் சொல்லவில்லை. ஒழுங்காகக் கூலி கொடுத்து, பெண்களைக் கண்ணியமாக நடத்தும் ஆலைகளும் உண்டு. எது எப்படிப்பட்டது என்று தெரியாமல் பிள்ளையை அனுப்பும் நிலைதான் அபாயம்.

இரண்டாவது, பள்ளியிலிருந்து நிற்றல். பள்ளியில் இருக்கும் பிள்ளையை நாள்தோறும் ஓர் ஆசிரியர் பார்க்கிறார், தோழர்கள் பார்க்கிறார்கள், நான்கு நாள் வராவிட்டால் ஏன் என்று கேட்க ஆளிருக்கிறது. பள்ளியை விட்டு நின்ற பிள்ளையைப் பற்றிக் கேட்பவர் எவருமில்லை. பத்தாம் வகுப்புக்கும் பதினொன்றாம் வகுப்புக்கும் இடையே உள்ள கோடை விடுமுறையில்தான் தரகர்கள் ஊருக்குள் வருகிறார்கள் என்பதை நம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

மூன்றாவது, பெற்றோரின் கண்ணுக்கு எட்டாத தொலைவு. கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் பெற்றோர் மாதக்கணக்கில் புலம்பெயர்கிறார்கள். வளர்ந்த பிள்ளைகள் உறவினர் வீட்டில் விடப்படுகிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்து ஆண்பிள்ளைகள் வட மாநிலங்களுக்கு முறுக்கு, மிட்டாய் செய்யும் கூடங்களுக்கு அனுப்பப்படுகிறார்கள். அங்கே வேலை செய்யும் இடமும் உறங்கும் இடமும் ஒன்றே. ஆண்பிள்ளைக்கு என்ன வந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். மேலே கூறிய அறிக்கை அந்த எண்ணம் தவறு என்று காட்டுகிறது. ஆண்பிள்ளை தனக்கு நேர்ந்ததைச் சொன்னால் ஊர் சிரிக்கும் என்று அஞ்சுகிறான்; ஆதலால் அவன் மௌனம் இன்னும் கனமானது.

நான்காவது, அதிகாரம் ஒருவன் கையில் குவிதல். இரவு முறையா பகல் முறையா என்று தீர்மானிப்பவன், வருகையைக் குறிப்பவன், விடுமுறை தருபவன், கூலியை எண்ணிக் கொடுப்பவன் என எல்லாம் ஒருவனாகவே இருந்தால் அவன்மேல் புகார் சொல்லப் பெரியவர்களே தயங்குவர். பதினாறு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளையாக இருந்தால், சொன்னாலும் ஊர் நம்பாது என்ற அச்சம் அதனோடு சேர்ந்துகொள்கிறது. தாயோ தந்தையோ இல்லாத பிள்ளை, குடியில் அழியும் தந்தையின் பிள்ளை, பேச்சோ கேள்வியோ குறைந்த பிள்ளை ஆகியோர் பக்கம் நிற்க ஆளில்லை என்பதைத் தீயவன் முன்னரே கணித்துவிடுகிறான்.

ஐந்தாவதாக இக்காலத்துக்குரிய ஒன்றையும் சேர்க்க வேண்டும். கைபேசி வழியாக முகமறியாதவன் அன்பாகப் பேசிப் பழகுகிறான். ஒரு படத்தை வாங்கிக்கொள்கிறான். பின்பு அப்படத்தையே காட்டி மிரட்டுகிறான். வீட்டில் எவரும் உட்கார்ந்து பேசாத பிள்ளைக்கு அந்தப் பேச்சு இனிக்கிறது. கைபேசியைப் பிடுங்கிக்கொள்வதால் மட்டும் இது தீராது. தவறு செய்துவிட்டாலும் அம்மாவிடம் சொல்லலாம், அடி விழாது என்ற நம்பிக்கை பிள்ளைக்கு இருந்தால் மிரட்டுபவனின் கை ஓங்காது.

இவற்றையெல்லாம் கேட்ட சில பெரியவர்கள், “அப்படியானால் பெண்பிள்ளையை வெளியே அனுப்பாமல், காலத்தோடு கட்டிக் கொடுத்துவிடுவதே நல்லது” என்று முடிவு கட்டுவார்கள். இதைவிடத் தவறான முடிவு வேறில்லை. 18 வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்வதை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அவ்வயதுக்குட்பட்ட மனைவியோடு கணவன் கூடுவதும் பாலியல் வன்முறையே என்று உச்ச நீதிமன்றம் 2017-ஆம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆயினும் 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 23.3 சதவீதத்தினர் 18 வயதுக்குமுன் மணம் முடிக்கப்பட்டவர்கள். ஒரு தீங்குக்கு அஞ்சிப் பிள்ளையை இன்னொரு தீங்கில் தள்ளுவது காவல் ஆகாது. வீட்டில் அடைத்து வைப்பதும் காவல் ஆகாது; தெரிந்தவராலேயே தீங்கு நேரும்போது வீட்டுக் கதவு எதைத் தடுக்கும்?

“ஆண்டாண்டாய் வரும் வழக்கம், இதில் நாம் என்ன செய்வது?” என்று கைவிரிப்போரும் உண்டு. அவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறோம். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தையும் ஒரு காலத்தில் தெய்வ காரியம் என்றே சொன்னார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் அதனை எதிர்த்தார். அந்தக் குலத்துத் துன்பத்தை நேரில் அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1947-ஆம் ஆண்டில் அவ்வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அந்த மூவலூர் அம்மையாரின் பெயரில்தான், அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வி பயில மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பெற்றது. வழக்கம் என்று பெயர் சூட்டப்பட்ட சுரண்டலை அன்று மனிதர்களே மாற்றினார்கள். இன்றும் மாற்ற வேண்டியவர்கள் மனிதர்களே.

இனி, சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருக்க வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், போக்சோ என்று சுருக்கமாக வழங்குவது, 2012-ஆம் ஆண்டு நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது நிரம்பாத எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், அச்சட்டத்தின்படி குழந்தையே. பிள்ளை சம்மதித்தது என்ற சமாதானம் அங்கே செல்லாது. குற்றம் நடந்தது என்றோ நடக்கக்கூடும் என்றோ அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்; தெரிவிக்காமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பிலிருப்பவர் தம்கீழ் உள்ள பணியாளர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறை. நிறுவனம் என்ற சொல்லுக்குள் நம் சங்கங்களும் அடங்கும் என்பதைத் தலைவர்களும் காரியதரிசிகளும் மறக்கலாகாது.

காவல் நிலையம் என்றதும் தாய்மார் நடுங்குகிறார்கள். அவர்கள் அறிய வேண்டியவை சில. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் வேறிடத்திலோ வாங்க வேண்டும். கூடியவரை பெண் அதிகாரியே வாங்க வேண்டும். அவர் சீருடையில் இருக்கலாகாது. பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ உடனிருக்கலாம். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெண்பிள்ளையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். இவை எவருடைய தயவும் அல்ல, பிள்ளையின் உரிமை.

இன்னும் ஒரு கொடிய வழக்கத்தைக் குறிப்பிடாமல் விட முடியவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடி, குற்றவாளியிடம் ஒரு தொகை வாங்கிக் கொடுத்து, “பெண்ணின் மானம் காத்தோம்” என்று எழுந்து போவதுண்டு. சில இடங்களில் அக்குற்றவாளிக்கே அப்பெண்ணைக் கட்டிவைப்பதும் உண்டு. இது பஞ்சாயத்து அன்று. குற்றத்துக்கு ரசீது கொடுப்பது. மானம் போனது பிள்ளைக்கு அல்ல, குற்றம் செய்தவனுக்கு என்று நாம் வாய்விட்டுச் சொல்லப் பழக வேண்டும். நம் அங்கத்தினர்கள் எவரும் அத்தகைய கூட்டத்தில் உட்காரலாகாது.

இனி, நம் சங்கங்கள் செய்யத்தக்கவை எவை? சங்கம் காவல் நிலையம் அன்று, நீதிமன்றமும் அன்று. எனினும் வேறெந்த ஸ்தாபனத்துக்கும் இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. ஒரு குடும்பம் சரியத் தொடங்குவதை முதலில் காட்டுவது நம் பேரேடு. பாவு வாங்கிச் சென்றவர் துணி கொண்டுவரத் தாமதிக்கிறார், தவணை தவறுகிறது, நகைக் கடன் பெருகுகிறது, சிக்கன சேமிப்பிலிருந்து பணம் எடுக்கப்படுகிறது. இந்தக் குறிகள் தோன்றிச் சில மாதம் கழித்தே பிள்ளை பள்ளியிலிருந்து நிற்கிறது. கணக்குப் பார்ப்பவர் மனம் வைத்தால் அந்தச் சில மாதம் பெரிய அவகாசம்.

ஆகையால் நாம் கூறும் யோசனைகள் இவை. தவணை தவறிய அங்கத்தினருக்கு அறிவிப்பு அனுப்புமுன், நிர்வாகசபை உறுப்பினர் ஒருவர் அவர் வீட்டுக்குச் செல்லட்டும். வீட்டில் 14 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளை உண்டா, அது பள்ளியில் இருக்கிறதா என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும். பிள்ளையின் படிப்பு நிற்கும் நிலையில் இருந்தால், துணைவிதிகள் இடந்தரும் அளவில் பொது நன்மை நிதியிலிருந்தோ தவணையைத் திருத்தியமைத்தோ உதவ மகாசபையில் தீர்மானம் செய்யட்டும். துணைவிதி இடந்தராவிட்டால் துணைவிதியைத் திருத்த முன்வரட்டும். விதி என்பது கல்லில் பொறித்தது அன்று; நாம் எழுதியதே.

பிள்ளை 18 வயது நிரம்பி வேலைக்குப் போவதானால், போகும் இடத்தைப் பற்றி விசாரிக்கச் சங்கம் துணை நிற்கட்டும். தரகரின் பெயரும் ஆலையின் பெயரும் எழுதி வாங்கப்பட வேண்டும். பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. விடுதி அதன்படி பதிவு பெற்றதா என்று கேட்க வேண்டும். கூலி மாதந்தோறும் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் சேர வேண்டும். மூன்றாண்டு முடிவில் மொத்தமாகத் தருவதென்ற பேச்சு வந்தால் உடன்படலாகாது. பெற்றோர் விரும்பிய நாளில் சென்று பார்க்கவும் அவள் விரும்பிய நாளில் வீடு திரும்பவும் உரிமை வேண்டும். இவற்றுள் ஒன்றைக் கேட்டதற்கே தரகர் முகம் சுளித்தால், அந்தச் சுளிப்பே விடை.

பருத்தி பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். வீரிய ஒட்டு விதைப் பருத்தி வயல்களில் பூவைப் பிரித்து மகரந்தம் சேர்க்கும் வேலைக்குச் சிறு கைகளைத் தேடும் வழக்கம் உண்டு. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பிறர் எவரும் எந்த வேலையிலும் அமர்த்துவதை 2016-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சட்டம் தடை செய்துள்ளது. நம் வயலுக்கு வரும் பிள்ளை யாருடைய பிள்ளை, எந்த மேஸ்திரி அழைத்து வருகிறான், மாலையில் எப்படி வீடு திரும்புகிறது என்று அறியாதிருப்பது நிலச் சொந்தக்காரருக்கு அழகன்று.

அடுத்து, நம் வீட்டையும் நாம் பார்க்க வேண்டும். நூல் நிறுத்துக் கொடுப்பவரும் துணியைத் தரம் பார்த்துக் கூலி எழுதுபவரும் நம் சங்கத்துச் சிப்பந்திகளே. தகப்பனுக்குப் பதிலாகத் துணி மூட்டையோடு வரும் பெண்பிள்ளையின் முன்னால் அவர் கையில் பெரும் அதிகாரம் இருக்கிறது. “இழை அறுந்திருக்கிறது, கூலி குறையும்” என்று சொல்லும் வாய், வேறொன்றும் சொல்லாமலிருக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம்? வாங்கும் நேரத்தில் பெண் அங்கத்தினர் ஒருவராவது உடனிருக்கட்டும். வேலை செய்யுமிடத்தில் பெண்கள் பாலியல் தொல்லைக்கு ஆளாவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்குமேல் வேலை செய்யும் ஒவ்வோரிடத்திலும் உட்புகார்க் குழு வேண்டும். அதைவிடச் சிறிய இடத்துப் புகாரை மாவட்டக் குழுவில் கொடுக்கலாம். குழு தாளில் இருந்தால் போதாது; அதன் தலைவி யாரென்று நூல் வாங்க வரும் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

செலவில்லாத ஒரு காரியமும் உண்டு. நூல் விலைப் பட்டியல் தொங்கும் பலகையில் 1098 என்னும் எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது, கட்டணமில்லை, இரவும் பகலும் அழைக்கலாம். பிள்ளையே பேசலாம்; பிள்ளைக்காகப் பிறரும் பேசலாம்.

“இத்தனையும் செய்யச் சங்கத்துக்கு நேரமேது, பணமேது?” என்பது நியாயமான கேள்வியே. பல சங்கங்கள் நட்டத்தில் நடப்பதை நாமே தணிக்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறோம். நிலுவையை வசூலிக்காத சங்கம் நிலைக்காது என்பதிலும் நமக்கு ஐயமில்லை. இரக்கத்தால் எல்லாக் கடனையும் தள்ளிவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு முறை செல்வதற்கும் ஒரு கேள்வி கேட்பதற்கும் பணம் வேண்டாம். ஒரு தவணையை ஆறு மாதம் தள்ளி வைப்பதால் சங்கம் மூழ்கிவிடாது. கந்துவட்டிக்காரனும் தவணையை எண்ணுகிறான், நாமும் எண்ணுகிறோம். அவன் வீட்டுக்குள் பார்ப்பதில்லை. நாம் பார்க்க வேண்டும். அந்த ஒரு வேறுபாட்டுக்காகவே நம் முன்னோர் சங்கம் கண்டனர்.

அந்த நெசவாளர் கேட்ட இரண்டு மாத அவகாசம் நிர்வாகசபையின் தீர்மானத்தின்மேல் வழங்கப்பெற்றது. அவர் மகள் மீண்டும் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். வழக்கு நடக்கிறது, அதுபற்றி மேலும் எழுதுவது முறையன்று. நாமோ, அன்று முதல் நிராகரிக்கப்பட்ட மனு எந்தச் சங்கத்தில் நம் கையொப்பத்துக்கு வந்தாலும், அதனை ஓரமாக வைத்துவிட்டுக் காரியதரிசியை ஒரு கேள்வி கேட்டு வருகிறோம். “இவர் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா? பள்ளிக்குப் போகிறார்களா?” பலருக்கு விடை தெரிவதில்லை. தெரிந்துகொண்டு வந்து சொல்லும்வரை “சரி” என்று நாம் எழுதுவதில்லை.